வெளிநாட்டு எம்.பி.ஏ.வும் ஒரு லாங் சைஸ் நோட்டும்

பி.காம் படிக்கிறவர்களிடம் "அடுத்து என்ன?" என்று எங்கள் ஏரியாவில் கேட்டுப் பாருங்கள். பதில் ரெடியாக இருக்கும். கொஞ்சம் மார்க் வாங்குகிறவர் சி.ஏ. என்பார். கொஞ்சம் அடக்கமானவர் எம்.காம்., அப்புறம் பி.எட். என்பார். மற்றவர்களுக்கு மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு கண்டெய்னர் யார்டில் டாகுமென்டேஷன் வேலை. மூன்றுமே நல்ல பதில்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நாலாவதாக ஒரு பதில் சொல்லிப் பாருங்கள். "வெளிநாட்டுல எம்.பி.ஏ. பண்ணலாம்னு இருக்கேன்." கேட்டவர் உங்கள் நெற்றியில் கை வைத்து ஜுரம் அடிக்கிறதா என்று பார்ப்பார் :-)

சடையங்குப்பம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சென்னையின் வட கோடி. ஒரு பக்கம் மணலி. இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், அதைத் தாண்டினால் திருவொற்றியூர். 2011-ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தோம், அதுவரை ஊராட்சி. புழல் ஏரியைத் திறந்துவிட்டால் உபரி நீர் எங்கள் பக்கமாக வந்துதான் கொசஸ்தலை ஆற்றில் சேரும். அதனால் டிவியில் எங்கள் ஊர்ப் பெயர் வருவது மழைக்காலத்தில் மட்டும்தான். சுற்றிலும் உரம், பெட்ரோலியம், ரசாயனம் என்று தொழிற்சாலைகள். ராத்திரி முழுக்க டிரெய்லர் சத்தம். காட்டுப்பள்ளியிலும் காமராஜர் துறைமுகத்திலும் இறங்குகிற பெட்டிகள் எங்களைச் சுற்றியுள்ள ரோடுகளில்தான் வரிசை கட்டி நிற்கும். உலக வர்த்தகம் தினமும் எங்கள் வாசலைக் கடந்து போகிறது. அந்த வர்த்தகத்தை நடத்தக் கற்றுத்தருகிற பள்ளிகளுக்குப் போன ஆள் மட்டும் எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது.

தடை எது? மார்க்கா, இங்கிலீஷா, காசா? மூன்றும்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒன்று நிற்கிறது. வழி சொல்ல ஆள் இல்லாதது.

சரத்பாபு ஏழுமலையைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். மடிப்பாக்கத்தில் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். அம்மா இட்லி விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். பிட்ஸ் பிலானியில் பொறியியல், அப்புறம் அகமதாபாத் ஐ.ஐ.எம். 2006-ல் அங்கே படிப்பை முடித்ததும் பெரிய சம்பள வேலைக்குப் போகாமல் ஃபுட்கிங் என்று உணவு நிறுவனம் ஆரம்பித்தார். 2009 நாடாளுமன்றத் தேர்தலில் தென்சென்னையில் சுயேச்சையாகவும் நின்றார். எல்லோரும் அவரைப் பற்றிப் பேசும்போது இட்லிக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் வேறொரு இடம் முக்கியமாகப் படுகிறது. பிட்ஸ் பிலானி என்று ஒன்று இருப்பதையே, பிளஸ் டூவில் கூடப் படித்த ஒரு மாணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். முதல் கட்டணத்துக்கு அக்காவின் நகை அடகுக்குப் போனது தனிக் கதை. ஆனால் அந்த வகுப்புத் தோழர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நகையை அடகு வைக்கும் தேவையே வந்திருக்காது!

இன்னும் பின்னால் போனாலும் இதேதான். 1913-ல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதற்குச் சில வருடங்கள் முன்பு, பம்பாயில் கல்லூரிப் படிப்புக்குப் பணம் இல்லாமல் நின்றபோது அவரை அந்த மன்னரிடம் கொண்டுசேர்த்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். திறமை அம்பேத்கருடையது, பணம் மன்னருடையது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர் கேளுஸ்கர்.

அப்படி ஒரு ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நாங்கள் ஐந்து பேர் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் யாருக்காவது உபயோகப்படும்.

அதற்கு முன்னால் இந்த விண்ணப்பம் என்கிற வஸ்து எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ஐ.ஐ.எம். போக வேண்டும் என்றால் கேட் தேர்வு. மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிடம், மொத்தம் 120 நிமிடம். 2024-ல் ஏறக்குறைய 3 லட்சம் பேர் எழுதினார்கள். கடினமான தேர்வுதான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் கிடையாது. படி, எழுது, பெர்சன்டைல் வாங்கு, இன்டர்வியூவுக்குப் போ.

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கு ஜிமேட் அல்லது ஜி.ஆர்.இ. இப்போதைய ஜிமேட்டில் மூன்று பகுதி, பகுதிக்கு 45 நிமிடம், மதிப்பெண் 205-லிருந்து 805 வரை. ஒரு தடவை எழுதவே இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். எங்கள் வீடுகளில் அது ஒரு மாதக் குடும்பச் செலவு. அதையும் கட்டி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டால்? அது வெறும் ஆரம்பம். அதற்கு மேல் கட்டுரை, பரிந்துரைக் கடிதங்கள், ஒரு பக்க ரெஸ்யூமே, நேர்காணல். நீ யார், என்ன செய்தாய், எங்கே தலைமை தாங்கினாய், இனி என்ன செய்யப் போகிறாய்? இதற்கெல்லாம் சிலபஸ் கிடையாது. அப்பாவோ மாமாவோ போய்வந்த வீட்டில் இது சாப்பாட்டு மேஜைப் பேச்சு. எங்கள் வீடுகளில் இந்தப் பேச்சே வராது (மேஜையும் கிடையாது, அது வேறு விஷயம்).

பரிந்துரைக் கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்பில் அறுபது பேர். சாருக்கு எங்கள் பெயர் ஞாபகம் இருந்தாலே அதிர்ஷ்டம். கேட்டால் பாவம், நல்ல மனசோடு உடனே எழுதித் தருவார். "இவர் நல்ல ஒழுக்கமுள்ள மாணவர், வாழ்க்கையில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்." இது கான்டக்ட் சர்டிஃபிகேட். அந்தப் பள்ளிகள் எதிர்பார்ப்பது வேறு. இந்த மாணவர் ஒரு பிரச்சினையில் என்ன செய்தார், மற்றவர்களோடு எப்படி வேலை பார்த்தார், எதில் குறை, அந்தக் குறையைச் சொன்னபோது எப்படி எடுத்துக்கொண்டார்? சம்பவத்தோடு எழுத வேண்டும். இது சாருக்கும் யாரும் சொன்னதில்லை. அவரும் எங்களைப் போலத்தான்.

சரி, கதைக்கு வருவோம். ஐந்து பேரில் மூத்தவர் ஒரு அண்ணன். கண்டெய்னர் ஃபிரைட் ஸ்டேஷனில் நாலு வருட வேலை. அடுத்து எண்ணூர் மீனவக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா, எனக்கு இரண்டு செட் சீனியர், அதே பி.காம். மீதி மூன்று பேரும் படித்துக்கொண்டிருக்கிறோம். ஒருவன் ராயபுரம், ஒருத்தி தண்டையார்பேட்டை, நான் சடையங்குப்பம். ஆளுக்கொரு பக்கமாகத் தேடி, ஆளுக்கொரு விதமாகக் குழம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் டீக்கடையில் அண்ணன்தான் சொன்னார். "இன்னாடா இது, அஞ்சு பேரும் ஒரே கேள்விய அஞ்சு தபா தேடிக்கினு கீறோம். ஒருத்தன் தேடி நாலு பேருக்குச் சொன்னா ஆவாதா?"

அவ்வளவுதான் ஆரம்பம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி, திருவொற்றியூரில் அண்ணன் வீட்டு மொட்டைமாடி. அம்மா டீ போட்டுத் தருவார். "எந்த பரீட்சைக்குப்பா படிக்கிறீங்க?" என்று கேட்பார். எங்களால் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

கூடினால் மட்டும் போதாது என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. முதல் இரண்டு வாரமும் கிரிக்கெட்டும் சினிமாவும்தான் அதிகம் ஓடியது. அதனால் நாலு விதி போட்டோம்.

ஒன்று. தெரிந்ததை ஒளிக்கக் கூடாது.

இரண்டு. யாரிடமும் காசு வாங்கக் கூடாது, டீச் செலவு தவிர.

மூன்று. அடுத்தவர் கட்டுரையை எழுதித் தரக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம்.

நாலு. கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் நோட்டில் ஏற வேண்டும்.

அந்த நோட்டுதான் எங்கள் சொத்து. இருநூறு பக்க லாங் சைஸ் நோட்டு. காமர்ஸ் பிள்ளைகள் இல்லையா, கோடு போட்டுக் காலம் பிரித்துவிட்டோம் :-) தேதி, கேள்வி, பதில், யார் சொன்னது, எங்கே சரிபார்த்தது. பள்ளியே சொன்னதை நீல மையில் எழுதுவோம். யாரோ சொன்னதைச் சிவப்பு மையில். சிவப்பு நீலமாகும்வரை யாரும் அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

ஆரம்பத்தில் நோட்டு முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது. "மூணு வருஷ பி.காம். வெளிநாட்டுல செல்லாது." இது எங்கள் கல்லூரி முழுக்க உலவுகிற வதந்தி. பாதிதான் உண்மை. அமெரிக்காவில் சில பள்ளிகள் பதினாறு வருடப் படிப்பு கேட்கும், அதாவது பன்னிரண்டும் நாலும். ஆனால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலே மூன்று வருடப் பட்டத்தை ஏற்கிறது. ஐரோப்பாவின் பெரிய பள்ளிகள் பலவற்றிலும் மூன்று வருடம் பிரச்சினையே இல்லை. பள்ளிக்குப் பள்ளி வேறுபடும், ஆகவே பள்ளியிடமே கேள். நீல மை.

"வேலை அனுபவம் இல்லாம அப்ளையே பண்ண முடியாது." இதுவும் பாதி உண்மை. எம்.பி.ஏ.வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நாலைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். ஆனால் கடைசி வருடம் படிக்கும்போதே விண்ணப்பித்து, இடத்தை உறுதி செய்துகொண்டு, சில வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேருகிற வழி இருக்கிறது. ஹார்வர்டில் அதற்கு டூ பிளஸ் டூ என்று பெயர். வழக்கமான விண்ணப்பக் கட்டணம் 250 டாலர், இதற்கு 100 டாலர்தான். இது தவிர, வேலை அனுபவம் இல்லாதவர்களுக்கென்றே மேனேஜ்மென்டில் மாஸ்டர்ஸ் படிப்பு ஐரோப்பாவில் நிறைய இருக்கிறது. நீல மை.

"கட்டணம் கட்டினாத்தான் விண்ணப்பமே திறக்கும்." இது பல இடங்களில் தப்பு. வசதி இல்லாதவர்களுக்குக் கட்டண விலக்கு தருகிற பள்ளிகள் பல. ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்கலாம் என்று தெரிந்தால்தானே கேட்பது!

மூன்றாவது விதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில்தான் உயிர் இருக்கிறது.

எண்ணூர் அக்கா முதலில் ஒரு கன்சல்டன்ஸிக்குப் போயிருந்தார். பெயர் வேண்டாம். மாதிரிக் கட்டுரை என்று ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். குடிசை, பசி, கண்ணீர், கடைசியில் வெற்றி. "உங்க பேக்ரவுண்டுக்கு இதுதான் செட் ஆகும், ஊர்ப் பேரை மட்டும் மாத்திக்குங்க" என்றார்களாம். அக்கா அதே அச்சில் ஒன்று எழுதிக்கொண்டு மாடிக்கு வந்தார். மிக்ஜாம் புயலைப் பற்றி. 2023 டிசம்பர். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கக் கருப்பாகப் படர்ந்ததே, அது. படகு, வலை, அலையாத்தி மரங்களின் வேர், எல்லாம் தார் பூசினமாதிரி ஆகிவிட்டது. "அன்று என் கண்ணெதிரே எங்கள் வாழ்க்கை கருகியது, அன்றே சாதிக்க வேண்டும் என்று உறுதி பூண்டேன்" என்று கட்டுரை போனது.

படித்துவிட்டு யாரும் பேசவில்லை. தண்டையார்பேட்டைக்காரிதான் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு நீ இன்னா பண்ண?"

"இன்னா பண்றது, ஊரே அழுதுனு இருந்துச்சு."

"அது ஊரு. நீ?"

கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "நான் லிஸ்ட் எடுத்தேன்."

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகைச் சரிசெய்ய 10,000 ரூபாய். யார் படகு, யார் வலை, யார் பெயரில் பதிவு, யாருக்கு வங்கிக் கணக்கில் பெயர் தப்பு, ஆற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற பெண்களுக்குப் படகே கிடையாதே, அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊரில் ஒரே சண்டை. அக்கா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காலம் போட்டு எழுதினார். அப்போது அவர் பி.காம். மூன்றாம் வருடம். பெரியவர்கள் முதலில் "உனக்கு இன்னாத்துக்குமா இது" என்றார்களாம். கடைசியில் அதிகாரிகளிடம் பேசப் போகும்போது அந்த நோட்டைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"இதை ஏன்கா எழுதல?"

"இதுல இன்னாடா கீது? கணக்கு தானே எழுதுனேன்."

பாருங்கள். தலைமைப் பண்புக்கு உதாரணம் சொல் என்று உலகத்திலேயே பெரிய பள்ளிகள் கேட்கின்றன. உதாரணம் அவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குத் தலைமை என்று பெயர் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கன்சல்டன்ஸிக்காரர் அழுகையை மட்டும் கேட்டார். நாங்களும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை. ஆனால் நாங்கள் அந்த வெள்ளத்தில் நின்றவர்கள். எண்ணெய் வாசனை எங்கள் வீடுகளிலும் அடித்தது. அதனால் அழுகையைத் தாண்டி அடுத்த கேள்வி எங்களுக்கு வந்தது. ஒரு வட்டமாக உட்கார்வதால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இந்த ஒன்றைத்தான் சொல்வேன். ஜிமேட் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். "நீ இன்னா பண்ண?" என்று கேட்க உன்னைத் தெரிந்த ஆள் வேண்டும்.

இங்கே நியாயமாக ஒரு கேள்வி வரும். எங்கள் வீட்டிலேயே வந்தது. "எல்லாத்தையும் அவங்களுக்குச் சொல்லிட்டா உன் சீட்டை அவங்க எடுத்துக்க மாட்டாங்களா?"

ராயபுரத்து நண்பனும் நானும் ஒரே பள்ளியைத்தான் குறிவைத்திருக்கிறோம். அதனால் இது சும்மா கேள்வி இல்லை. ஒரே வயசு, ஒரே படிப்பு, ஒரே வடசென்னை. ஒருத்தரைத்தான் எடுப்பார்கள் என்றால்? இரண்டு வாரம் இது இரண்டு பேருக்கும் நடுவில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அப்புறம் கணக்குப் போட்டோம். ஹார்வர்டு மாதிரி ஒரு பள்ளிக்கு உலகம் முழுக்க ஒரு வருடத்தில் ஒன்பது, பத்தாயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள். எடுப்பது சுமார் 930 பேர். நான் தோற்றால் அது அவனால் இருக்க வாய்ப்பு எத்தனை? அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பாலோருக்கு வழி சொல்ல வீட்டிலோ ஆபீஸிலோ ஆள் இருக்கிறது. எனக்கு இருப்பது இவன்தான். இவனிடம் ஒளித்தால் நான் முந்துவது ஒரே ஒருத்தனை. இவனிடம் பேசினால் மீதிப் பேருக்குப் பக்கத்திலாவது போய் நிற்கலாம். "மச்சி, ரெண்டு பேரும் சேர்ந்தே தோத்துப் போலாம்டா" என்றான். மகா உற்சாகமான பேச்சு! ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இனி கசப்பான பகுதி.

எண்ணூர் அக்காவுக்கு இடம் கிடைத்தது. பிரான்ஸில் ஒரு பள்ளியில் மேனேஜ்மென்ட் மாஸ்டர்ஸ். கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடியும் கொடுத்தார்கள். மாடியில் அன்று டீக்குப் பதில் ரோஸ் மில்க். அம்மா ஒரு கேசரி கிண்டினார். தங்குமிடம், சாப்பாடு, மீதிக் கட்டணம் எல்லாம் கூட்டினால் பதினெட்டு லட்சம் தேவைப்பட்டது.

கல்விக் கடன் விதி இப்படி. 4 லட்சம் வரை ஜாமீன்தாரர் வேண்டாம். 7.5 லட்சம் வரை அடமானம் வேண்டாம். அதற்கு மேல் போனால் சொத்து காட்ட வேண்டும். பெரிய பெயருள்ள சில பள்ளிகளுக்கு அடமானம் இல்லாமலே சில வங்கிகள் அதிகம் தருகின்றன, அந்தப் பட்டியலில் அக்காவின் பள்ளி இல்லை. வீடு இருக்கிறதா? இருக்கிறது. பட்டா இருக்கிறதா? இல்லை. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடு, காகிதத்தில் அப்படி ஒரு வீடே கிடையாது. தனியார் நிதி நிறுவனத்தில் வட்டி அதிகம், அதோடு சம்பளக்காரர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். கடலுக்குப் போகிற அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு யார் தருவார்கள்? வங்கிக்காரர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள். விதியைத்தான் சொன்னார்கள்.

அக்கா போகவில்லை. கடைசித் தேதி கடந்த அந்த ஞாயிறு அவரும் மாடிக்கு வந்திருந்தார். நோட்டை வாங்கி, அன்றைய தேதி போட்டு, "கடன்: பட்டா இல்லாத வீடு: என்ன வழி?" என்று சிவப்பில் எழுதினார். அந்த வரி இன்னும் நீலமாகவில்லை.

வழி காட்டுவது வேறு, வழிச்செலவு வேறு. ஐந்து பேர் சேர்ந்து முதலாவதைத் தயாரிக்கலாம். இரண்டாவது எங்கள் கையில் இல்லை. இதை இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உண்டா என்று தேடியபோது அமெரிக்காவில் ஒரு பழைய கதை கிடைத்தது. 1966-ல் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெர்லிங் ஷோன், கருப்பின இளைஞர்கள் பிசினஸ் ஸ்கூலுக்கு வர ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். முதலில் மூன்று பல்கலைக்கழகங்கள் மட்டும், பிறகு அது பெருகியது. ஒரே விண்ணப்பத்தில் பல பள்ளிகளுக்கு மனுப் போடலாம், தேர்வானால் முழுக் கட்டணத்துக்கும் உதவித்தொகை. வகுப்பு தொடங்கும் முன்பே எல்லோரையும் ஒரே இடத்தில் கூட்டி அறிமுகமும் செய்துவைத்தார்கள். ஆளும் பணமும் ஒரே கதவில்.

நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் ராஜு கேந்த்ரே 2017-ல் தொடங்கிய ஏகலவ்யா அமைப்பு, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களை நல்ல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கத் தயார் செய்கிறது, வெளிநாட்டுக்கும் சேர்த்து. அவரே முதல் தலைமுறை மாணவர். 2021-ல் பிரிட்டனின் செவ்னிங் உதவித்தொகையில் லண்டன் போனவர். ஆக, ஐந்து பேர் மாடியில் செய்வதை அமைப்பாகச் செய்ய முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

இப்போது எங்கள் நோட்டில் வரிசை மாறியிருக்கிறது. பள்ளிப் பெயர்களுக்கு முன்னால் முதல் இருபது பக்கம் பணத்துக்கு. அதிலிருந்து கொஞ்சம், எல்லாம் நீல மைதான்:

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பெரும்பாலும் பட்டியல் சாதியினருக்கு. சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்களுக்கும் சில இடங்கள். மீனவர்கள் அதில் இல்லை. தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. செவ்னிங்கில் எல்லாச் செலவும் அவர்களே ஏற்பார்கள், விண்ணப்பக் கட்டணமும் இல்லை, ஆனால் சுமார் இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். ஜே.என். டாடா அறக்கட்டளை 1892-லிருந்து கடன் உதவித்தொகை தருகிறது. கே.ஆர். நாராயணன் லண்டன் போனது இதில்தான். ஹார்வர்டில் உதவித்தொகை முழுக்கக் குடும்ப வசதியைப் பார்த்துத்தான். 2022-ல் மிகவும் வசதி குறைந்தவர்களுக்குக் கட்டணம் முழுவதையும் தருவதாக அறிவித்தார்கள்.

அக்கா இப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். செவ்னிங் கேட்கும் அனுபவத்துக்கு மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறுவதில்லை. அண்ணன் இந்த வருடம் ஜிமேட் எழுதப் போகிறார். ராயபுரத்தானும் நானும் சேர்ந்து தோற்பதற்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம் :-)

போன மாதம் எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் வாசலில் நிறுத்திக் கேட்டாள். "அண்ணா, நீங்க ஃபாரின் படிப்புக்கு ஏதோ நோட்டு வெச்சிருக்கீங்களாமே, பார்க்கலாமா?" எனக்கே இன்னும் எந்த இடமும் கிடைக்கவில்லை. நான் எங்கேயும் போய்வந்தவன் இல்லை. ஆனாலும் அவளுக்கு நான்தான் முன்னால் போன ஆள். விதி நம்பர் ஒன்று, ஒளிக்கக் கூடாது. கொடுத்தேன்.

மறுநாள் திருப்பித் தந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஆறு கேள்வி எழுதியிருந்தாள். அதில் நாலுக்கு எங்களிடம் பதில் இல்லை. இந்த ஞாயிறு அவளையும் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

பி.கு: உங்கள் கல்லூரியில், உங்கள் தெருவில் இப்படி நாலு பேர் இருந்தால் தனித்தனியாக மோதிக்கொண்டிருக்காதீர்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்றும் இரண்டு கலர் பேனாவும் போதும். பட்டா இல்லாத வீட்டுக்குக் கடன் வாங்க வழி தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு வரி பாக்கி இருக்கிறது.